அந்தப் பெட்டியை எரிக்க வேண்டாம்

அன்புள்ள பாரூர் வாசகருக்கு,

வீட்டை இடித்துக் கட்டப் போகிறீர்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டி நிறையக் கடிதமும் டைரியும் கிடக்கின்றன. போகிக்குப் போட்டு எரித்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எரிக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் பக்கத்தை அந்தக் காலத்தில் பாராமகால் என்பார்கள். திப்பு சுல்தானுடன் 1792இல் ஏற்பட்ட உடன்படிக்கையில் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. வரி நிர்ணயிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இங்கே இருந்தார். அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியதோடு, ஸ்காட்லாந்தில் இருந்த அப்பாவுக்கும் சகோதரிக்கும் விடாமல் கடிதம் எழுதினார். குடும்பம் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தது. 1827இல் அவர் இறந்தார்; 1830இல் கிளெய்க் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்தக் கடிதங்கள் அச்சேறின. மன்றோவின் காகிதங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வரி கேட்டவரின் மனசு இருநூறு வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. வரி கட்டிய குடியானவர் அன்று ராத்திரி வீட்டில் என்ன பேசினார் என்பதை எங்கே போய்ப் படிப்பது?

நம்மவர்கள் எழுதாமலும் இல்லை. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, அவர் காலமாகி 85 வருஷம் கழித்து, 1846இல்தான் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்ணில் பட்டுப் படியெடுக்கப்பட்டது. அதற்குள் யாராவது பரணைச் சுத்தம் செய்யக் கிளம்பியிருந்தால், பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்துப் புதுச்சேரியை ஒரு தமிழர் கண்ணால் பார்க்கும் வழியே போயிருக்கும்.

'எங்கள் தாத்தா பெரிய ஆள் இல்லை. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் வந்த தேதி, மாங்கன்று விலை, கைமாற்றுக் கணக்கு, இவ்வளவுதான்' என்கிறீர்கள். எனக்கு அதுதான் வேண்டும்! ஏரியின் கொள்ளளவு அரசுப் பதிவேட்டில் கிடைக்கும். தண்ணீர் வராத வருஷம் யார் வீட்டு நகை அடகுக்குப் போனது என்பது கிடைக்காது. ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போன உங்கள் சித்தப்பாவின் இன்லண்ட் கடிதங்களும் அப்படித்தான். தொழிற்சாலை வந்த கதையைக் கம்பெனிகள் எழுதிக்கொள்ளும்; ஷிப்டு முடிந்து வந்து ஒரே அறையில் பலர் ஒண்டிக் கிடந்ததை அவர் எழுதினால்தான் உண்டு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இருப்பவற்றைப் படிக்க ஆளில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே குடும்பத்தில் மூன்று எழுத்தும் கலந்து கிடப்பது எல்லைப்புற வாழ்க்கைக்கே சாட்சி.

சரி, எப்படிப் பாதுகாப்பது? கட்டுகள் இருக்கிற வரிசையைக் கலைக்க வேண்டாம். துருப்பிடித்த குண்டூசி, ரப்பர் பேண்டை மட்டும் மெல்ல எடுங்கள். செல்லோடேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரச் சுவரில் படாமல் உயரத்தில் வையுங்கள். படம் எடுத்தால் கவர், தபால் முத்திரை, பின்பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள்.

பிறகு எங்கே கொடுப்பது? சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் தனி ஒரு மனிதர் சேர்த்த சேகரிப்பில் பிறந்தது அது. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் ஊர்க் குடும்பங்களிடம் இருந்த பழைய ஆவணங்களைப் படமெடுத்துச் சேமித்திருக்கிறது. அசலைக் கொடுக்க மனசு வராவிட்டால் படியெடுக்க மட்டும் சம்மதிக்கலாம். உயிரோடு இருக்கிறவர்களைப் புண்படுத்தும் கடிதம் இருந்தால், இத்தனை வருஷம் யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தயக்கமே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கடிதமும் யார் யாருக்கு எழுதியது என்று கேளுங்கள். பதிலைத் தனித் தாளில் பென்சிலால் குறித்து வையுங்கள். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.