“பாஸ் அவுட்” வேறு, “பாஸ் அவே” வேறு

நம்ம தோட்டத்திலிருந்து போய் கலேவெலயில் குடியிருக்கும் ஒரு அம்மா, போனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகளைப் பற்றி ஆங்கிலத்தில் செய்தி: “பாஸ்ட் அவுட்”. பக்கத்து வீட்டுப் பையன் “செத்துட்டாங்க” என்று சொல்ல, வீடே ஒப்பாரி.

“பாஸ் அவுட்” என்றால் மயங்கி விழுவது. பயிற்சி முடித்து வெளியேறுவதற்கும் அதையேதான் சொல்கிறோம், பையனுக்கு அதுகூட ஞாபகம் வரவில்லை! இறப்பது “பாஸ் அவே”.

நம்ம பேச்சும் லேசுப்பட்டதல்ல. “கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார்” என்றால் பயணம். ஊர்ப் பெயர் இல்லாமல் “போய்ச் சேர்ந்துட்டார்” என்றால்?

செய்தியின் அடுத்த வரியில் “கேம் ரவுண்ட்” என்று இருந்தது. சுற்றி வந்தாள் என்பதல்ல, மயக்கம் தெளிந்தது என்று அர்த்தம். காய்ச்சல் மாறி எழும்பினால் “கெட் ஓவர்”. அந்த “ஓவர்” நோய்க்குத்தான், ஆளுக்கு இல்லை. பிழைக்கமாட்டார் என்றிருந்தவர் தேறினால் “புல் த்ரூ”. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டினால் “டிஸ்சார்ஜ்”, அது எல்லாருக்கும் தெரியும்.

இப்படிச் செய்தி வந்தால் கடைசி வரி வரை வாசித்துப் பாருங்க. விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாங்க. அந்த அம்மா அன்று சாயந்தரமே மகளோடு பேசினார்.