நன்னூலின் மாணாக்கர் பாகுபாடும் அறிதல் பாணியும்

ஒரே பாடத்தை ஒருங்கே கேட்கும் மாணவர்கள் அதனை வெவ்வேறு வகையில் உள்வாங்குவதைக் கல்வி உளவியல் ‘அறிதல் பாணி’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்குகிறது. இதற்கு முன்னோடியாக நன்னூல் பொதுப்பாயிரத்தின் மாணாக்கர் பாகுபாட்டைக் காட்டத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அவ்வொப்புமை முழுமையாகப் பொருந்துவதன்று.

அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கும் உவமையாகின்றன. மேய்ந்தபின் அசைபோடும் பசுவும் செடிக்குச் செடி தாவும் ஆடும் கற்கும் முறையைச் சுட்டுகின்றன என்பது உண்மை. எனினும் நூலின் நோக்கம் தரவரிசையே.

ஹெர்மன் விட்கின் வகுத்த பாகுபாடு வேறு. சிக்கலான வடிவத்துள் மறைந்துள்ள எளிய உருவை விரைந்து பிரித்தறிவோர் களச்சார்பற்றோர். அவ்வாறு பிரிக்க இடர்ப்படுவோர் களச்சார்புடையோர். பின்னவர் பிறர் முகக்குறிப்பையும் சூழலையும் கூர்ந்து நோக்குவர். ஆகவே இரு முனைகளுக்கும் தத்தமக்குரிய சிறப்பு உண்டு என்பது விட்கினின் கொள்கை. அவர்தம் மறையுருவச் சோதனையோ ஒரு முனையின் திறனை மட்டுமே அளக்கிறது. அதில் தவறியவர் மறுமுனையினர் ஆகிவிடுகின்றனர். தலை, கடை என்னும் வரிசை இங்கும் வேறு வடிவில் வந்துவிடுகிறது.

நன்னூலில் அறிதல் பாணிக்கு நெருக்கமான இடம் பாடஞ்சொல்லும் முறையே. கொள்வோனின் கொள்வகையை அறிந்து அவன் உளங்கொள்ளுமாறு கற்பிக்க வேண்டும் என அது விதிக்கிறது. அங்கே மாணாக்கர் தரம்பிரிக்கப்படவில்லை; பொறுப்பு ஆசிரியர்மேல் வைக்கப்படுகிறது.

மகரவீற்றுப் புணர்ச்சியைக் கொண்டு இதனை விளக்கலாம். மரவேர், மரக்கிளை போன்ற சொற்களை அடுக்கி, விதியை மாணவரே காணுமாறு விட்டால், மகரம் கெடுவதையும் வல்லினம் மிகுவதையும் களச்சார்பற்றோர் தாமே பிரித்துணர்வர் என எதிர்பார்க்கலாம். மற்றவர்க்குச் சொல் பிரியாத முழுமையாகவே நிற்கும். நிலைமொழி, வருமொழி, திரிபு எனக் கட்டமிட்ட அட்டவணை அவர்க்குத் துணையாகும். இதனால் வகுப்பையே இரண்டாகப் பிரித்தல் வேண்டும் என்பதில்லை. பாணிக்கேற்ப மாணவரைப் பிரித்துக் கற்பிப்பது பயன்தரும் என்பதற்குப் போதிய சான்றில்லை என ஹெரால்ட் பாஷ்லர் குழுவினரின் 2008ஆம் ஆண்டு மீளாய்வு காட்டியது. ஒரே பாடவேளையில் இரு வழிகளையும் வைத்து, விதியைக் கண்டவரும் அட்டவணையை நிரப்பியவரும் தம்முள் விளக்கிக்கொள்ளச் செய்வதே ஏற்புடையது. ஆசிரியரால் கால்பங்கும் உடன்பயில்வோரால் கால்பங்கும் பிறர்க்கு உரைப்பதால் அரைப்பங்கும் கல்வி நிரம்பும் என்னும் நன்னூற் கணக்கிலும் இதற்கு இடமுண்டு.