கல்லறையும் க்யூஆர் குறியீடும்



இறந்தோரின் இடத்தில் கணினிக் கருவிகளை மக்கள் ஏற்பார்களா என்ற கேள்விக்கு, அவற்றை அங்கே கொண்டுவந்தவர் யார், யாரைக் கேட்டுக் கொண்டுவந்தார் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் மூன்று கல்லறைத் தோட்டங்களில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளின் மீது சிறு ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருந்தது கண்டு நகரமே திகைத்தது. அவற்றில் இருந்தது க்யூஆர் குறியீடு, அதாவது கைபேசிக் கேமரா படித்தறியும் கருப்பு வெள்ளைக் கட்டம். படித்தால் இறந்தவரின் பெயரும் கல்லறை இருக்கும் இடமும் மட்டுமே தெரிந்தன. காவல்துறை விசாரித்தபோது, கற்களைத் துப்புரவு செய்யும் பணியை ஏற்ற தோட்ட நிறுவனம் ஒன்று, தன் வேலைக் கணக்குக்காக ஒட்டியவை அவை என்று தெரியவந்தது. கல்லில் ஏற்கெனவே செதுக்கியிருந்த பெயரைத் தவிர எந்த இரகசியமும் வெளிப்படவில்லை. ஆயினும் சினம் எழுந்ததில் வியப்பில்லை. ஜெர்மனியில் கல்லறை நிலம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டணம் செலுத்திப் பெறப்படுவது. அதில் பூச்செடி நட்டுப் பேணுவது குடும்பத்தின் பொறுப்பு. கல்லின் உயரத்துக்குக்கூட விதி உண்டு. அத்தகைய இடத்தில் பிறர் ஒருவர் கேளாமல் எதையும் ஒட்டிவிட்டுப் போவது அத்துமீறல்தானே! போதாக்குறைக்கு, ஸ்டிக்கரை உரித்த இடத்தில் சில கற்களின் நிறமும் கெட்டது.

கருவி வெளியிலிருந்து வந்து புகும்போது இதே எதிர்ப்பு வேறிடங்களிலும் எழுந்துள்ளது. 2016 இல் போக்கிமான் கோ என்னும் கைபேசி விளையாட்டு பரவியபோது, அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம், அங்கே அதை விளையாட வேண்டாம் என்று வருவோரைக் கேட்டுக்கொண்டது.

இவற்றுக்கு மாறாக, தோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் கோகோகுஜி கோயிலைச் சேர்ந்த ரூரிதென் என்னும் அஸ்தி மண்டபத்தில், 2000-க்கும் மேற்பட்ட கண்ணாடிப் புத்தர் சிலைகள் எல்இடி விளக்கொளியில் சுவரை நிறைத்து நிற்கின்றன. உறவினர் தம் அட்டையைக் காட்டியதும் அவர்களுக்குரிய சிலை மட்டும் வேறு நிறத்தில் ஒளிர்கிறது. பரம்பரைக் கல்லறையைப் பேணப் பிள்ளைகள் இல்லாதவர்களும், நகரத்தில் நிலம் வாங்க இயலாதவர்களும் இதைத் தாமே தேர்ந்து பதிவு செய்கிறார்கள். அங்கே கருவி செய்யும் வேலை, வந்தவருக்கு உரிய சிலையைக் காட்டிவிட்டு ஒதுங்குவது. பழைமையை விரும்புவோர்கூட இதில் பெரிதாகக் குறை காண்பது கடினம்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. குடும்பத்தார் தாமே விரும்பிக் கல்லில் பதித்த க்யூஆர் குறியீடாக இருந்தாலும், அது இட்டுச் செல்லும் வாழ்க்கைக் குறிப்பும் படங்களும், ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில், அதாவது பக்கங்களைச் சேமித்து வழங்கும் கணினியில், இருக்கின்றன. அந்நிறுவனம் மூடப்பட்டால் கல்லும் குறியீடும் இருக்க, பக்கம் மட்டும் மறைந்துவிடும். மாறாக, ரூரிதென்னில் அஸ்தி 33 ஆண்டுகள் தனியே வைக்கப்பட்டு, அதன்பின் பொது அடக்கத்தில் சேர்க்கப்படுகிறது என்பது முன்னரே சொல்லப்படுவதால், உறவினர் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதை அறிந்தே கட்டுகிறார்கள்.