கொடுமுடி நீச்சல்காரர் கடலில் இறங்கும் முன்

தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் ஊர் கொடுமுடி. இங்கே வளர்ந்தவர்களுக்கு நீச்சல் படித்துறையிலேயே வந்துவிடும். தம் கட்டி யார் அதிக நேரம் அடியில் கிடப்பது என்பதுதான் பையன்களுக்குள் போட்டி. அந்தமானில் ஸ்கூபா செய்யக் கிளம்பும் கொடுமுடிக்காரர், அந்தத் தம் கட்டும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பது பலர் நினைப்பதுபோல் ஆக்சிஜன் அல்ல. நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். வாயில் கவ்வும் ரெகுலேட்டர், அந்தந்த ஆழத்து நீரழுத்தத்துக்குச் சமமாக அதை இறக்கித் தருகிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் தரையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். ஆற்றில் முங்குகிறவர் மேலே இழுத்த காற்றோடு இறங்கி அதே காற்றோடு எழுவதால் அவருக்கு இந்த ஆபத்து இல்லை. ஸ்கூபாவில் மூச்சு இழுப்பதும் விடுவதும் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

நல்ல நீச்சல்காரர்கள்தான் இதில் தடுமாறுகிறார்கள். தலை தண்ணீருக்குள் போனதுமே தொண்டை தானாக அடைத்துக்கொள்கிறது. இதைச் சரிசெய்யக் கடல் வேண்டாம்; ஈரோட்டிலோ கோவையிலோ ஒரு நீச்சல் குளம் போதும். மாஸ்க்கும் ஸ்நார்கலும் மாட்டி, முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயால் மட்டும் நிதானமாகச் சுவாசித்துப் பழகலாம். மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அண்ணாந்து மூக்கால் ஊதி வெளியேற்றிப் பார்க்கலாம். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். இதைப் பழகிப் போனவருக்கும் பழகாமல் போனவருக்கும் உள்ள வித்தியாசம் கடலில் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது காது. இரண்டு மூன்று மீட்டரிலேயே அழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். எச்சில் விழுங்கினாலும் சிலருக்குத் திறக்கும். வலி வந்த பிறகு ஊதிப் பயனில்லை. வலிக்கும் முன்பே, இறங்க இறங்க அடிக்கடி செய்ய வேண்டும். அடைப்பு விடவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைப்பதும் தப்பு. அடியில் இருக்கும்போதே மாத்திரையின் வேகம் தீர்ந்தால், மேலே வருகையில் காற்று வெளியேற வழியில்லாமல் காது வதைபடும்.

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை பற்றி டைவ் சென்டரில் தரும் மருத்துவப் படிவம் கேட்கும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவர் சான்று கேட்பார்கள். தீவில் போய் மருத்துவரைத் தேடுவதைவிட, ஊரிலேயே காட்டிச் சான்று வாங்கிப் போவது நல்லது. பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பல பாலிசிகளில் அது இல்லை.

நீச்சலே தெரியாதவரும் இறங்கலாம். முதல்முறை வருவோருக்கான அறிமுக முங்கலில் பயிற்றுநர் கூடவே இருப்பார். 12 மீட்டருக்குக் கீழே போக முடியாது. பத்து வயதுப் பிள்ளைகள் முதல் அனுமதி உண்டு. நீச்சல் தெரிந்த கொடுமுடிக்காரருக்கு நான் சொல்வது, மூன்று நான்கு நாள் ஒதுக்கி ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சியையே முடித்துவிடுங்கள் என்பதுதான். அதில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். காவிரியில் பழகிய உடம்புக்கு இது பெரிய விஷயமில்லை. 18 மீட்டர் வரை போகும் சான்றிதழ் கையில் வரும். பாடப் பகுதியை வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்துவிடலாம். விடுமுறை நாள் வகுப்பறையில் வீணாகாது.

மீசைக்காரர்களின் கேள்வி ஒன்று உண்டு: “மீசையை எடுக்கோணுங்களா?” எடுக்க வேண்டாம். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவு கத்தரித்தால் மாஸ்க் ஒட்டிப் பிடிக்கும். இன்னொன்று, கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்குள் ‘சூப்பர்’ என்று பொருள் இல்லை. ‘மேலே போவோம்’ என்று பொருள். எல்லாம் நலம் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

அந்தமானுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பள்ளி விடுமுறைக்காகக் காத்திருப்பவர்கள் மே முதல் வாரத்துக்குள் முடித்துக்கொள்ளட்டும். மூன்றாவது வாரத்தில் தென்மேற்குப் பருவமழை அங்கே தொடங்கிவிடும். ஈரோட்டில் ரயில் ஏறி, சென்னையில் விமானம் பிடித்து, போர்ட் பிளேரிலிருந்து படகில் ஹேவ்லாக் போக வேண்டும். 2018 முதல் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். 2024-இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட் எடுக்கையில் இரண்டு பெயர்களும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்.

திரும்பும் டிக்கெட்டில்தான் அதிகக் கவனம் தேவை. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்புத் திசுக்களில் கரைகிறது; வெளியேற நேரம் பிடிக்கும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது குமிழிகளாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஒரே ஒரு முங்கல் என்றால் 12 மணி நேரம், பலமுறை முங்கியிருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. கொங்கு நாட்டுக்காரர்கள் இந்த விதியை மலைப் பாதைக்கும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். காலையில் புதுச்சேரிக் கடலில் முங்கிவிட்டு, அன்றிரவே காரில் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு ஏறினாலும் அதே ஆபத்துதான்.

ஆகவே, அந்தமானில் கடைசி முங்கல், விமானத்துக்கு முந்தைய நாள் காலையோடு முடியட்டும். மீதி நேரத்தில் போர்ட் பிளேரில் 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையைப் பார்க்கலாம். கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டை மட்டும் பையில் போட வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள்.