வெல்லத்தை நிறுத்தினோம், குதிரை தீனியைத் தொடவில்லை

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் மட்டக்குதிரைக்கு 14 வயது. எடை 250 கிலோ இருக்கும். அந்தியூர் சந்தையில் வாங்கியது. போன மாதம் முன்னங்கால்களை ஊன்ற முடியாமல் பின்னால் சாய்ந்து நின்றது. மருத்துவர் பார்த்துவிட்டு, குளம்பில் அழற்சி, சர்க்கரை குறைந்த, நார் கூடிய தீவனம் கொடுங்கள் என்றார். உடனே வெல்லத்தை நிறுத்திவிட்டோம். இப்போது அவித்த கொள்ளும் கோதுமைத் தவிடும், அறுத்துப் போடும் பச்சைப் புல்லும்தான். ஆனால் வெல்லம் இல்லாததால் தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்கிறார்கள் பெரியவர்கள். செய்யலாமா? வேறு என்ன கொடுக்கலாம்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நல்ல கேள்வி. கேட்டது இரண்டு, ஆனால் உள்ளே நான்கைந்து கேள்விகள் இருக்கின்றன. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து பட்டினி போடாதீர்கள்.

கொழுத்த மட்டக்குதிரைக்குத் தீனி நின்றால், உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். ஹைப்பர்லிப்பீமியா, அதாவது ரத்தத்தில் கொழுப்பு மிகுந்துபோகும் நிலை. கல்லீரல் தாங்காது, மட்டக்குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இது உயிரையே வாங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். வயிறு காலியாகக் கிடந்தால் புண் வரும். புண் வந்தால் தீனி மேல் வெறுப்பு இன்னும் கூடும். ஒரு நாள் முழுக்கப் புல்லைக்கூடத் தொடவில்லை என்றால், மறுநாளுக்குக் காத்திராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி வெல்லத்துக்கு வருவோம். இனிப்பை நிறுத்தினால் சர்க்கரை நின்றுவிட்டது என்று நினைக்காதவர் அபூர்வம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 கிராம் வெல்லம் போட்டிருந்தால், அதில் 90 கிராம் போலச் சர்க்கரை. அதைக் கலந்து கொடுத்த தீனி ஒரு கிலோ கொள்ளும் அரைக் கிலோ தவிடும் என்றால், அவற்றில் இருக்கும் மாவுச்சத்து 400 கிராமுக்குக் குறையாது. நாக்குக்கு மாவு இனிப்பதில்லை. ஆனால் சிறுகுடலில் அது குளுக்கோஸாகத்தான் உடைகிறது. வெல்லத்தை நிறுத்தியது சரியான காரியம்தான். பெரிய பங்கு இன்னும் தொட்டியிலேயே இருக்கிறது.

கொள்ளு குதிரைக்கென்றே விளைந்த தானியம் என்று பேசிப் பழகிவிட்டோம். நாள் முழுக்க வண்டி இழுக்கிற குதிரைக்கு அது நல்ல தீனி. கொழுத்து, பிடரி தடித்து, கொட்டிலில் நிற்கிற குதிரைக்கு வேண்டாம். இதே காரணத்தால் ஓட்ஸும் வேண்டாம். அதில் ஏறக்குறைய பாதி மாவும் சர்க்கரையும்தான். மக்காச்சோளம் அதைவிட மோசம்.

குடலில் உடையும் குளுக்கோஸுக்கும் காலில் இருக்கும் குளம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். குளம்பின் உள்ளே எலும்பையும் வெளிக்கூட்டையும் பிணைத்து வைத்திருப்பவை மெல்லிய மடிப்புகள். அந்த மடிப்புகள் அழற்சி கண்டு பிடி தளர்வதுதான் லேமினைட்டிஸ். உங்கள் மருத்துவர் குளம்பு அழற்சி என்றது இதைத்தான். சர்க்கரையே நேராகப் போய் மடிப்புகளைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான குற்றவாளி இன்சுலின். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், நோயே இல்லாத மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினை மட்டும் உயர்த்தி, சர்க்கரையைச் சரியான அளவிலேயே வைத்திருந்தார்கள். மூன்று நாளுக்குள் எல்லாவற்றுக்கும் லேமினைட்டிஸ் கண்டது. மட்டக்குதிரைகளில் பலவற்றுக்கு, கொஞ்சம் மாவு உள்ளே போனாலே இன்சுலின் எகிறிவிடும் உடல்வாகு. ஒரே வேளையில் நிறைய மாவு போனால் வேறொரு வழியிலும் கேடு வரும்: சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய், தோசை மாவு போலப் புளித்து, அங்கே நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான். உலர்ந்த தீவனத்தில் மாவும் சர்க்கரையும் சேர்ந்து 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கடை மூட்டையில் 'நார்ச்சத்து மிகுந்தது' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. நாரும் கூடி மாவும் கூடிய கலவைகள் உண்டு. மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைப் பாகு, ஊற்றிய கலவைகளும் உண்டு.

இந்த எண்ணுக்குள் அடங்கும் முதல் தீவனம் காய்ந்த புல். கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் விளையும் கொழுக்கட்டைப் புல்லைப் பூத்து முற்றிய பிறகு அறுத்து உலர்த்தினால் உங்கள் குதிரைக்கு அருமையான தீனி. புல் பகல் வெயிலில் சர்க்கரையைச் சேர்த்து, இரவில் செலவழிக்கும். அதனால் விடிகாலையில் அறுப்பது நல்லது. சந்தேகமாக இருந்தால், காய்ந்த புல்லைக் குளிர்ந்த நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். கரையும் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். நம் வெயிலில் அதற்கு மேல் ஊறினால் நாற்றமெடுக்கும், பிறகு அது முகர்ந்துகூடப் பார்க்காது. கரும்புத் தோகை வேண்டாம். பச்சைச் சோளத்தட்டும் வேண்டாம். குதிரைகளுக்கு அதனால் சிறுநீர்ப்பை அழற்சியும் பின்னங்கால் தள்ளாட்டமும் வரும்.

எடையைக் குறைக்க வேண்டிய குதிரைக்கு ஒரு நாள் தீனி, அதன் எடையில் ஒன்றரை சதவீதம். உங்களுடையதற்கு எல்லாம் சேர்த்து 4 கிலோ உலர்தீவனம். இதற்குக் கீழே இறங்காதீர்கள். நான்கைந்து வேளையாகப் பிரித்து, இரவுக்குப் பெரிய பங்கை வையுங்கள்.

தொட்டியில் கொள்ளுக்குப் பதில் என்ன வைப்பது? நான் சொல்வது தேங்காய்ப் புண்ணாக்கு. பொள்ளாச்சிப் பக்கம் மாட்டுக்குப் போடுகிறோம். ஆஸ்திரேலியாவில் அதைக் குதிரைத் தீவனமாகவே மூட்டை கட்டி விற்கிறார்கள். மாவு மிகக் குறைவு, செரிக்கக்கூடிய நார் நிறைய, மிஞ்சிய எண்ணெயால் நல்ல மணம். நீரில் ஊறவைத்து நாளைக்கு 250 கிராம் போதும். ஆனால் புதிதாக வாங்குங்கள், கொஞ்சமாக வாங்குங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு சேரும். உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சையாகவோ மஞ்சளாகவோ தூசி தெரிந்தால், மாட்டுக்குக்கூடப் போடாதீர்கள். உளுந்தம் பொட்டும் துவரம் பொட்டும்கூட ஆகும். பருப்புக் குருணை கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பக்கத்துக் குதிரைகளில் இது கவனிக்கப்படாமலே போகிறது. அறுத்துப் போடும் பச்சைப் புல் கோ-4 ரகக் கம்பு நேப்பியராக இருந்தால், அதில் ஆக்சலேட் அதிகம். அது குடலிலேயே சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். மாடு தன் வயிற்று நுண்ணுயிர்களால் அதைச் சமாளிக்கும், குதிரையால் முடியாது. கோதுமைத் தவிட்டிலோ சுண்ணாம்பைப் போல எட்டு பத்து மடங்கு பாஸ்பரஸ். இந்த இரண்டும் சேர்ந்து தொடர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். முகத்தின் எலும்புகள் வீங்கும், கால் காரணமில்லாமல் நொண்டும். தவிட்டை நிறுத்துங்கள். கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு என்பதால், நாளைக்கு அரைக் கிலோ காய்ந்த குதிரை மசால் சேருங்கள். அதில் சுண்ணாம்பு நிறைய, சர்க்கரை குறைவு. தாது உப்புக் கலவை எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

இனி அதன் பிடிவாதம். குதிரை புதிய தீனியை மூக்கால்தான் முதலில் சோதிக்கும். பிறகு மேலுதட்டை விரல் போல நீட்டி, பிடித்ததை மட்டும் பொறுக்கும். தாது உப்புத் தூளைத் தொட்டியின் அடியில் அப்படியே விட்டுவைக்கும். அதனால் தூள்களை ஊறிய புண்ணாக்கில் பிசைந்து ஒட்டவைத்துவிடுங்கள். தொட்டியைத் தினமும் கழுவுங்கள்; பழைய தீனியின் புளித்த வாடையே பல குதிரைகளைத் திருப்பி அனுப்பிவிடும். வெல்லத்தின் இடத்தில் ஒரு தேக்கரண்டி வெந்தயப் பொடி தூவுங்கள். பிரிட்டனில் 15 வகைச் சுவைகளைக் குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில் முதலிடம் வெந்தயத்துக்குத்தான். நம் சீரகமும் முதல் எட்டுக்குள் வந்தது.

மாற்றத்தை மெதுவாகச் செய்யுங்கள். முதல் நாள் ஒரு பிடி புண்ணாக்கு. பிறகு நாளுக்கு நாள் கொள்ளும் தவிடும் குறைய, அது கூட வேண்டும். இரண்டு வாரம் ஆகட்டும். பெருங்குடல் நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். குளம்பு வலி இன்னும் இருந்தால் மட்டும், மாவைச் சீக்கிரமாகவே குறைத்து, அந்த இடத்தைக் காய்ந்த புல்லால் நிரப்புங்கள்.

இவ்வளவும் செய்து இன்னும் தின்ன மறுத்தால் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் மேலெழும்பிக்கொண்டே இருக்கும். சீராகத் தேயாத பல்லின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். பாதி மென்ற புல் உருண்டைகள் தொட்டியடியில் கிடந்தால் பல்தான் காரணம், அரம் போட்டால் சரியாகிவிடும். புல்லைத் தின்றுவிட்டுத் தொட்டித் தீனியை மட்டும் ஒதுக்கினால் இரைப்பைப் புண்ணைச் சந்தேகிக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். பிடரியைக் கையால் பிடித்துப் பாருங்கள். கல்லாக இருந்தது நெகிழ ஆரம்பித்தால் தீனி சரியாகப் போகிறது. நடைப்பயிற்சி மட்டும் வலி முழுக்க அடங்கி, மருத்துவர் சொன்ன பிறகு.