டேர்ன் கேம்களில் வேகம்: உங்களுக்கு எது சரி?

கம்ப்யூட்டர் கேம் என்றாலே துப்பாக்கிச் சண்டையும் கார் பந்தயமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் நிதானமாக யோசித்து, நம் முறை வரும்போது மட்டும் காய் நகர்த்தி ஆடும் கேம்களும் உண்டு. இவற்றை டேர்ன் பேஸ்டு ஸ்ட்ராடஜி கேம்கள் என்று அழைக்கிறார்கள். நம் ஊர் ஆடுபுலி ஆட்டமும் சதுரங்கமும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். கம்ப்யூட்டரில் இந்த வகையில் மிகவும் புகழ் பெற்றது சிவிலைசேஷன். இதன் முதல் பதிப்பு 1991ல் வெளிவந்தது. ஆறாவது பதிப்பு 2016லும் ஏழாவது பதிப்பு 2025 பிப்ரவரியிலும் வந்தன.

இந்த கேமில் புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கும்போது கேம் ஸ்பீட் என்று ஒரு பெட்டி கிடைக்கும். பெரும்பாலானோர் இதனைக் கவனிப்பதே இல்லை. ஏற்கனவே இருக்கும் ஸ்டாண்டர்டு என்பதை அப்படியே விட்டுவிட்டு ஆட்டத்திற்குள் சென்றுவிடுகின்றனர். பின்னர் "ஆட்டம் முடிவதே இல்லை" என்றோ, "படையைக் கூட்டிக்கொண்டு போவதற்குள் எதிரி துப்பாக்கி வைத்திருக்கிறான்" என்றோ சலித்துப் போய் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். ஆட்டத்தைத் தொடங்கிய பின் இந்த வேகத்தை மாற்ற முடியாது. எனவே முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வேகம் என்பது என்ன?

திரையில் படை வீரர்கள் ஓடும் வேகத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. கேம் ஸ்பீட் என்பது ஒரு பெருக்கல் எண். ஒரு கட்டடம் கட்ட, ஒரு வீரரை உருவாக்க, ஒரு புதிய தொழில்நுட்பத்தைக் கற்க எவ்வளவு செலவாகும் என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. சிவிலைசேஷன் 6ல் ஐந்து வேகங்கள் உள்ளன.

ஆன்லைன்: 250 டேர்ன், செலவு 50 சதவீதம்.
குயிக்: 330 டேர்ன், செலவு 67 சதவீதம்.
ஸ்டாண்டர்டு: 500 டேர்ன், செலவு 100 சதவீதம்.
எபிக்: 750 டேர்ன், செலவு 150 சதவீதம்.
மாரத்தான்: 1500 டேர்ன், செலவு 300 சதவீதம்.

ஆன்லைன் என்ற பெயரைப் பார்த்து இன்டர்நெட் தேவை என்று எண்ண வேண்டாம். தனியாக ஆடும்போதும் இதனைத் தேர்ந்தெடுக்கலாம். மேலே உள்ள டேர்ன் எண்ணிக்கை அதிகபட்ச எல்லைதான். யாராவது முன்னதாகவே வெற்றி பெற்றால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

மாறாதது எது?

எல்லாமே ஒரே அளவில் பெருகினால் ஸ்டாண்டர்டும் மாரத்தானும் ஒரே ஆட்டமாகத்தான் இருக்கும். நேரம் மட்டும் கூடும். ஆனால் இரண்டு விஷயங்கள் எந்த வேகத்திலும் மாறுவதில்லை. ஒன்று, படை நகரும் தூரம். இரண்டு, காயம்பட்ட படை தேறும் அளவு. 100 உயிர்ப் புள்ளி கொண்ட ஒரு படை ஓய்வெடுத்தால் ஒரு டேர்னில் எதிரி நிலத்தில் 5, பொது நிலத்தில் 10, சொந்த நிலத்தில் 15, சொந்த நகரில் 20 என்று தேறும். இது எல்லா வேகத்திற்கும் பொது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வாரியர் என்னும் தொடக்க கால வீரரின் விலை ஸ்டாண்டர்டில் 40 உற்பத்திப் புள்ளிகள். உங்கள் நகரம் டேர்னுக்கு 5 புள்ளி தருவதாக வைத்துக் கொள்வோம். ஸ்டாண்டர்டில் 8 டேர்னில் வீரர் தயார். ஆன்லைனில் விலை 20தான். 4 டேர்ன் போதும். மாரத்தானில் விலை 120. 24 டேர்ன் ஆகும். வீரர் சமவெளியில் டேர்னுக்கு 2 கட்டம் நகர்வார். அதாவது ஒரு புதிய வீரர் உருவாகும் நேரத்தில் ஏற்கனவே இருக்கும் வீரர் ஆன்லைனில் 8 கட்டமும், ஸ்டாண்டர்டில் 16 கட்டமும், மாரத்தானில் 48 கட்டமும் நடந்துவிடலாம்.

எதிரி நகரம் 12 கட்டம் தள்ளி இருந்தால் என்ன ஆகும்? ஆன்லைனில் நீங்கள் போய்ச் சேர 6 டேர்ன் ஆகும். அதற்குள் உங்களைப் போலவே உற்பத்தி உள்ள எதிரி ஒரு வீரரை முடித்து இரண்டாவது வீரரைப் பாதி உருவாக்கியிருப்பான். மாரத்தானில் அதே 6 டேர்னில் அவனால் ஒரு வீரரில் கால் பங்கைத்தான் உருவாக்க முடியும்.

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு முறை ஆடு வைத்தால் ஒரு முறை புலி நகரும். 15 ஆடுகள் இறங்கி முடிவதற்குள் 3 புலிகளும் எத்தனை ஆடுகளை வெட்டும் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. புலி மூன்று முறை நகர்ந்த பிறகே ஓர் ஆடு வைக்கலாம் என்று விதியை மாற்றினால் என்ன ஆகும்? காய்கள் அதேதான், கோடுகள் அதேதான். ஆனால் ஆடுகளால் புலியை அடைக்கவே முடியாது. மாரத்தான் என்பது புலிக்குச் சாதகமான விதி. ஆன்லைன் என்பது ஆடுகளுக்குச் சாதகமான விதி.

செஸ் ஆட்டத்தின் ரேபிட், பிளிட்ஸ் வகைகளோடு இதனைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. அங்கே கடிகாரம்தான் மாறுகிறது. குதிரை நகரும் விதமும் காய்களின் எண்ணிக்கையும் மாறுவதில்லை. இங்கே வேகத்தை மாற்றினால் தாக்குபவருக்கும் காப்பவருக்கும் இடையே உள்ள சமநிலையே மாறிவிடுகிறது.

ராஜேந்திர சோழனுக்கு எத்தனை டேர்ன்?

ஐந்தாவது, ஆறாவது பதிப்புகள் கி.மு. 4000ல் தொடங்கி கி.பி. 2050 வரை செல்கின்றன. ஒரு டேர்ன் என்பது எல்லாக் காலத்திலும் ஒரே அளவு ஆண்டுகள் அல்ல. ஐந்தாவது பதிப்பின் ஸ்டாண்டர்டு வேகத்தில் முதல் 75 டேர்ன்கள் ஒவ்வொன்றும் 40 ஆண்டுகள். கி.பி. 1000 முதல் 1500 வரை டேர்னுக்கு 10 ஆண்டுகள். இருபதாம் நூற்றாண்டில் டேர்னுக்கு ஓர் ஆண்டு.

இதில் நம் பக்கத்து வரலாற்றைப் பொருத்திப் பார்க்கலாம். நான் பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்தவன். பக்கத்து மாவட்டமான அரியலூரில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அதனைத் தலைநகராக்கிய முதலாம் ராஜேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்டான். முப்பது ஆண்டுகள். அதாவது ஸ்டாண்டர்டு வேகத்தில் மொத்தம் 3 டேர்ன்! கங்கை வரை படையெடுப்பு, புதிய தலைநகரம், சோழகங்கம் ஏரி, 1025ல் கடல் கடந்து கடாரம் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்குள் மன்னரின் காலம் முடிந்துவிடும். மாரத்தானில் மொத்த டேர்ன்கள் மும்மடங்கு என்பதால் இதைவிட அதிக டேர்ன் கிடைக்கும். அப்போதுதான் ஒரு கடற்படையைத் திரட்டி அனுப்பி, போர் செய்து, திரும்ப அழைக்க முடியும். படையெடுப்பை ரசித்து ஆட விரும்புபவர்கள் மெதுவான வேகத்தைத் தேடுவதற்கு இதுதான் காரணம்.

ஏழாவது பதிப்பில் சோழர்களே ஒரு நாடாக இடம் பெற்றுள்ளனர் என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி. அதில் ஆட்டம் மூன்று யுகங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கேம் ஸ்பீட் தவிர யுகத்தின் நீளத்தையும் தனியாக அமைக்கலாம். நேரம் குறைவாக உள்ளவர்கள் பிந்தைய யுகத்திலிருந்தும் ஆட்டத்தைத் தொடங்கலாம்.

உங்கள் நேரக் கணக்கு

தொடக்கத்தில் ஒரு டேர்னை அரை நிமிடத்தில் முடித்துவிடலாம். நகரங்களும் படைகளும் பெருகிய பின் மூன்று நிமிடம் கூட ஆகும். சராசரியாக ஒன்றரை நிமிடம் என்று கொண்டால், முழு எல்லை வரை ஆட ஆன்லைனுக்குச் சுமார் 6 மணி நேரம், ஸ்டாண்டர்டுக்கு 12 மணிக்கு மேல், மாரத்தானுக்கு 37 மணிக்கு மேல் தேவைப்படும். மாரத்தானில் ஒன்றும் செய்யாமல் நெக்ஸ்ட் டேர்ன் மட்டும் அழுத்தும் சுற்றுகள் அதிகம் என்பதால் சற்றுக் குறையலாம். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்குபவருக்கு ஆன்லைன் ஒரு வாரம்; மாரத்தான் ஒரு மாதத்திற்கும் மேல். வீட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 படிக்கும் பிள்ளைகள் இருந்தால் தேர்வு தேதியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்ளவும்.

ஊருக்கும் வளைகுடாவுக்கும் இடையே

எங்கள் ஊரில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. என் மச்சான் சவூதியில் இருக்கிறார். அவருக்கு விடுமுறை வெள்ளி, சனி. எனக்கு சனி, ஞாயிறு. நேரத்திலும் இரண்டரை மணி வித்தியாசம். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆடுவது சிரமம்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஆறாவது பதிப்பில் பிளே பை கிளவுட் என்ற வசதி உள்ளது. ஒருவர் தன் டேர்னை முடித்ததும் ஆட்டம் சர்வரில் சேமிக்கப்பட்டு, அடுத்தவருக்குத் தகவல் செல்லும். அவர் தனக்கு நேரம் கிடைக்கும்போது ஆடிக் கொள்ளலாம். கடிதம் எழுதி செஸ் ஆடிய பழைய முறை போன்றதுதான் இது.

இங்கே வேகத் தேர்வு மிகவும் முக்கியம். நாளுக்கு ஒரு டேர்ன் என்று வைத்தால் ஆன்லைன் 250 நாள், அதாவது எட்டு மாதத்திற்குச் சற்று மேல். ஸ்டாண்டர்டு ஓராண்டு நான்கரை மாதம். எபிக் இரண்டு ஆண்டைத் தாண்டிவிடும். மாரத்தான் நான்கு ஆண்டுகளுக்கு மேல்! இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் சென்றவர் எபிக் ஆட்டம் முடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவார். நாங்கள் ஆன்லைன் வேகம்தான் வைத்திருக்கிறோம். ஒரு டேர்ன் ஆடினால் எதிரில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். அப்போதுதான் மறுநாளும் திறந்து பார்க்கத் தோன்றும். மச்சான் டேர்னை முடித்துவிட்டு "உன் துறைமுகத்தைப் பார்த்தாயா?" என்று ஒரு வரி அனுப்புவார். அதிலேயே அன்றைய நலம் விசாரிப்பும் முடிந்துவிடும்.

மேப் அளவையும் சேர்த்துப் பாருங்கள்

வேகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆறாவது பதிப்பில் டூயல் மேப் 44க்கு 26 கட்டம். ஹியூஜ் மேப் 106க்கு 66 கட்டம். பரப்பில் ஆறு மடங்கு. நகரும் தூரம் மாறாது என்பதால் பெரிய மேப்பில் வேகமான ஆட்டம் வைத்தால் எதிரியைச் சென்றடைவதற்குள் உங்கள் ஆயுதம் பழையதாகிவிடும். சிறிய மேப்பில் மாரத்தான் வைத்தால் முதலில் படையெடுத்தவரே வென்றுவிடுவார். எனவே சிறிய மேப்புக்கு ஆன்லைன் அல்லது குயிக், நடுத்தர மேப்புக்கு ஸ்டாண்டர்டு, பெரிய மேப்புக்கு எபிக் என்று பொருத்திக் கொள்ளவும்.

பணம் செலவழிக்காமல் பழக

ஃப்ரீசிவ் என்ற கேம் 1996 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலும் இயங்கும். இதில் வேகம் என்று ஒரே பொத்தான் கிடையாது. சர்வர் செட்டிங்குகளில் சயின்ஸ்பாக்ஸ், ஷீல்ட்பாக்ஸ், ஃபுட்பாக்ஸ் என மூன்று தனித்தனி சதவீதங்கள் உள்ளன. இவை முறையே ஆராய்ச்சி, உற்பத்தி, மக்கள்தொகை வளர்ச்சி ஆகியவற்றுக்கானவை. சயின்ஸ்பாக்ஸை மட்டும் 200 ஆக்கிவிட்டு மற்ற இரண்டையும் 100லேயே வைத்து ஒரு முறை ஆடிப் பாருங்கள். படை வழக்கம்போல் உருவாகும்; யுகம் மட்டும் மெதுவாக நகரும். வேகம் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை எண்கள் ஒளிந்துள்ளன என்பது தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் அன்சிவ் என்ற இலவச கேமை முயற்சிக்கலாம். இதில் குயிக் முதல் மாரத்தான் வரை நான்கு வேகங்கள் உள்ளன.

தேர்ந்தெடுக்கும் வழி

சிவிலைசேஷன் 6ல் சிங்கிள் பிளேயர் சென்று கிரியேட் கேம் என்பதைக் க்ளிக் செய்யவும். கிடைக்கும் திரையில் கேம் ஸ்பீட், மேப் சைஸ் ஆகிய இரண்டையும் அமைத்த பின்னரே ஸ்டார்ட் செய்யவும். பிளே நவ் அழுத்தினால் இந்தத் திரை வராது. ஆப்ஷன்ஸ் பிரிவில் ஆட்டோசேவ் ஒவ்வொரு டேர்னுக்கும் நடக்குமாறு அமைத்துக் கொண்டால், நடுவில் மின்சாரம் போனாலும் ஒரு டேர்னுக்கு மேல் இழப்பு இருக்காது.

புதிதாகக் கற்பவர் முதல் ஆட்டத்தைக் குயிக் வேகத்தில் சிறிய மேப்பில் ஆடி, கடைசி வரை முடிக்கவும். பாதியில் விட்ட மூன்று பெரிய ஆட்டங்களை விட முடித்த ஒரு சிறிய ஆட்டம் அதிகம் கற்றுத் தரும். கட்டடம், கலை, அறிவியல் வழியில் வெல்ல விரும்புபவர்களுக்கு ஸ்டாண்டர்டு போதும். போரை விரும்புபவர்கள் எபிக் ஆடலாம். ஆனால் அங்கே ஒரு படையை இழந்தால் ஈடுகட்ட ஒன்றரை மடங்கு டேர்ன் ஆகும் என்பதை மறக்க வேண்டாம். மாரத்தானை நீண்ட விடுமுறைக்கு வைத்துக் கொள்ளுங்கள்.