மோட்டார் வாகனக் காப்புறுதி

க.பொ.த (சாதாரண தரம்) – வணிகக் கல்வி
அலகு: காப்புறுதி



அறுவடைக் காலத்தில் வட்டக்கச்சியிலிருந்து நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் இருட்டிய பின்னரும் கிளிநொச்சி நோக்கிச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பின்வரும் கற்பனை நிகழ்வை வாசியுங்கள்.

இரவு ஏழரை மணி. பழுதடைந்த உழவு இயந்திரம் ஒன்று பெட்டியுடன் வீதியோரம் நிற்கிறது. பெட்டிக்குப் பின்விளக்கு இல்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த கூலித் தொழிலாளி ஒருவர் பெட்டியில் மோதிக் கால் முறிந்து விழுகிறார். நான்கு மாதங்கள் அவரால் வேலைக்குப் போக முடியாது. உழவு இயந்திரக்காரரோ கடன்பட்டு இயந்திரம் வாங்கியவர். அடிபட்டவரின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

இவ்வினாவுக்கு விடை தருவதே மோட்டார் வாகனக் காப்புறுதி.

1. அடிப்படை விளக்கம்

ஒரே வகையான இடரை எதிர்நோக்கும் பலர் சிறு தொகைகளைச் செலுத்தி, அவர்களுள் நட்டமடையும் சிலருக்கு அத்தொகையிலிருந்து ஈடு வழங்கும் ஏற்பாடே காப்புறுதியாகும். செலுத்தும் தொகை கட்டுப்பணம் எனப்படும்.

மோட்டார் வாகனக் காப்புறுதியில் மூன்று தரப்பினரை இனங்காண வேண்டும்.

முதலாந் தரப்பினர் – காப்புறுதி பெற்ற வாகன உரிமையாளர்
இரண்டாந் தரப்பினர் – காப்புறுதி நிறுவனம்
மூன்றாந் தரப்பினர் – அவ்வாகனத்தால் பாதிக்கப்படும் பிறர்

மேலே கூறிய நிகழ்வில் கால் முறிந்தவரே மூன்றாந் தரப்பினர். அவர் காப்புறுதி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரல்லர், கட்டுப்பணம் செலுத்தியவருமல்லர். எனினும் அவருக்காகவே சட்டம் இக்காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது.

2. வகைகள்

(அ) மூன்றாந் தரப்புக் காப்புறுதி

வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் மரணம், உடற்காயம் ஆகியவற்றுக்கான பொறுப்பை இது முதன்மையாக ஏற்கிறது. உரிமையாளரின் சொந்த வாகனச் சேதத்துக்கு இதில் ஈடு கிடைக்காது. பிரித்தானியாவில் 1930 ஆம் ஆண்டில் இது கட்டாயமாக்கப்பட்டது. இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கட்டாயமாகும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது காப்புறுதிச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருப்பது இதனாலேயே.

(ஆ) முழுமையான காப்புறுதி

மூன்றாந் தரப்புப் பாதுகாப்புடன், விபத்து, தீ, களவு என்பவற்றால் சொந்த வாகனத்துக்கு ஏற்படும் நட்டத்தையும் ஏற்கும். இது உரிமையாளரின் விருப்பத்துக்குரியது. கட்டுப்பணம் கூடுதலாகும்.

3. தத்துவங்களும் நடைமுறையும்

காப்புறுதி செய்தகு நலன்: பொருள் அழிந்தால் நட்டமடையக் கூடியவரே அதனைக் காப்புறுதி செய்யலாம். அயலவரின் மோட்டார் சைக்கிளை உங்கள் பெயரில் காப்புறுதி செய்ய முடியாது.

அதியுயர் நம்பிக்கை: இடரைப் பாதிக்கும் உண்மைகள் யாவற்றையும் மறைக்காது கூற வேண்டும். விவசாயத் தேவைக்கென்று காப்புறுதி செய்த உழவு இயந்திரத்தை மணல் ஏற்றிக் கூலிக்கு ஓட்டினால் இடரின் தன்மை மாறிவிடுகிறது. அதனை அறிவியாதிருந்தால் நட்டஈட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பெட்டியும் ஒப்பந்தத்தில் உட்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நட்டோத்தரவாதம்: காப்புறுதியால் இலாபமடைய முடியாது. நட்டத்துக்கு முன்னிருந்த நிலைக்கு மீள்விப்பதே நோக்கம்.

அண்மைக் காரணம்: நட்டத்துக்கு நேரடிக் காரணமான இடர் ஒப்பந்தத்தில் அடங்கியிருக்க வேண்டும். போர் என்பது சாதாரண மோட்டார் காப்புறுதியில் விலக்கப்பட்ட இடராகும். 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னி மக்கள் இடம்பெயர்ந்தபோது பெருந்தொகையான உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் முல்லைத்தீவுக் கரையோரத்தில் கைவிடப்பட்டன. இதனை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பலர் செலுத்தச் சிலர் பெறுவதே காப்புறுதி. எல்லோரும் ஒரே நாளில் இழந்தால் கொடுப்பதற்கு எவரும் மிஞ்சுவதில்லை. போர் விலக்கப்படுவதன் காரணம் இதுவே.

4. கணிப்பு

உழவு இயந்திரம் ஒன்றின் சந்தைப் பெறுமதி ரூபா 2,000,000. கட்டுப்பணத்தைக் குறைக்க விரும்பிய உரிமையாளர் ரூபா 1,500,000 இற்கே முழுமையான காப்புறுதி செய்தார். விபத்தில் ஏற்பட்ட நட்டம் ரூபா 400,000. ஒப்பந்தத்தில் சராசரி நிபந்தனை உண்டு. நட்டஈடு யாது?

நட்டஈடு = நட்டம் × காப்புறுதித் தொகை ÷ சந்தைப் பெறுமதி
= 400,000 × 1,500,000 ÷ 2,000,000
= ரூபா 300,000

மீதி ரூபா 100,000 ஐ உரிமையாளரே ஏற்க வேண்டும். குறைத்துக் காட்டிய பகுதிக்கு அவரே காப்புறுதியாளர் ஆகிறார் எனக் கொள்க.

5. விபத்து நேர்ந்தால்

• முதலில் காயமடைந்தவரை வைத்தியசாலைக்கு அனுப்புக.
• பொலிஸுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் தாமதமின்றி அறிவிக்குக.
• வாகன இலக்கங்களையும் சாட்சிகளின் விபரங்களையும் குறித்துக் கொள்க.
• நிறுவனத்தின் சம்மதமின்றிப் பணம் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டாம்.
• கோரிக்கை தொடர்பான பிணக்கைக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

6. மாதிரி வினாக்கள்

வினா 1: மூன்றாந் தரப்புக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது ஏன்?
விடை: சொந்த வாகனத்தைப் பாதுகாப்பது உரிமையாளரின் விருப்பம். ஆனால் அவ்வாகனத்தால் பாதிக்கப்படும் பிறர், உரிமையாளரிடம் பணமில்லை என்ற காரணத்தால் ஈடின்றி விடப்படக் கூடாது என்பதனால்.

வினா 2: பாட ஆரம்பத்தில் கூறிய நிகழ்வில் நட்டஈடு கிடைக்குமா?
விடை: உழவு இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் செல்லுபடியான மூன்றாந் தரப்புக் காப்புறுதி இருந்தால் கோரலாம். விளக்கின்றி வீதியோரம் நிறுத்தியது உரிமையாளரின் கவனயீனம். மோட்டார் சைக்கிளில் வந்தவரும் கவனயீனமாக ஓட்டியிருந்தால் ஈட்டுத் தொகை குறையலாம். காப்புறுதி இல்லையெனில் உரிமையாளர் தம் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்க நேரிடும். காணியையோ இயந்திரத்தையோ விற்க வேண்டியும் வரலாம்.

வினா 3: பதினாறு வயது மாணவன் தந்தையின் மோட்டார் சைக்கிளில் ரியூசனுக்குச் செல்லும்போது ஒருவரை மோதிவிட்டான். காப்புறுதி உள்ளது. தந்தை கவலையின்றி இருக்கலாமா?
விடை: இல்லை. சாரதி அனுமதிப்பத்திரம் பெற 18 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் அற்றவர் ஓட்டுவது ஒப்பந்த நிபந்தனையை மீறுவதாகும். ஈட்டின் சுமை தந்தையின் மேல் விழலாம். சட்ட நடவடிக்கையும் உண்டு.

மாணவர்களே, மூன்றாவது வினா பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. உங்களில் பலர் அந்தச் சாவியை இப்போதே கையில் எடுக்கிறீர்கள். இன்று வீடு சென்றதும் உங்கள் வீட்டு வாகனத்தின் காப்புறுதிச் சான்றிதழை எடுத்து, அது முடிவடையும் திகதி, வாகனப் பயன்பாடு, பெட்டி பற்றிய குறிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். பெட்டியின் பின்விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். காப்புறுதி முறிந்த காலுக்குப் பணம் தரும். காலைத் திருப்பித் தராது.